பொனிஃபாஸ் ரெபெல்லோவுக்கு ஒரு தீவு குறைவு

பொனிஃபாஸ் ரெபெல்லோ உலகத்தில் ஏறக்குறைய எல்லா நாட்டோடும் பேசியவர். நேரில் போன தூரம் என்று பார்த்தால் பம்பாய். அதுவும் மைத்துனன் கல்யாணத்துக்கு. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று போன வேகத்தில் மங்களூர்ப் பக்கத்துக் கின்னிகோளிக்குத் திரும்பிவிட்டார்.

பேசியவர் என்பதும் கொஞ்சம் பெரிய வார்த்தைதான். மோர்ஸ் சாவியைத் தட்டி அவர் ஒரு நாட்டோடு நடத்துகிற பேச்சு தும்மி முடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும். இவர் தன் அழைப்புக்குறியை ஒரே ஒரு தடவை அனுப்புவார். அந்தப் பக்கத்திலிருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லி, 'நீங்கள் அனுப்புவது நன்றாகக் கேட்கிறது' என்பதற்கு ஓர் எண்ணைச் சொல்வார். இவர் 'சரி' என்று பதிலுக்கு அதே எண்ணைத் தருவார். நன்றி, வணக்கம். பெண்டாட்டி பிள்ளை சௌக்கியமா என்று யாரும் கேட்பதில்லை. இந்த அரை நிமிடத்துக்காக, வீட்டிலேயே சொந்த நிலையம் வைத்துப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். கிடைத்துவிட்டால் குழந்தை பிறந்த மாதிரி ஊருக்கெல்லாம் ஃபோன் செய்வார்கள்.

நாடு என்பதிலும் அவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஜனங்கள் இருக்கவேண்டும், கொடி இருக்கவேண்டும் என்பதெல்லாம் கட்டாயமில்லை. நடுக்கடலில் ஒரு பாறை போதும். யாரும் வசிக்காத பாறை என்றால் மதிப்பு இன்னும் கூடுதல். சில பேர் கப்பல் பிடித்து, ஜெனரேட்டரும் கூடாரமும் தூக்கிக்கொண்டு அங்கே போய் இறங்குவார்கள். உலகம் முழுக்க அவர்களைக் கூப்பிடும். அவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். இதில் யாருக்கு என்ன லாபம் என்று பொனிஃபாஸின் மாமனார் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கணக்குப்படி நாடுகள் முந்நூற்றுச் சொச்சம். பொனிஃபாஸுக்கு ஒன்றே ஒன்று பாக்கி. தென்கோடிக் கடலில் பனி மூடிய ஒரு தீவு. பெங்குவின்கள் மட்டும் குடியிருக்கின்றன. போன தடவை ஒரு குழு அங்கே இறங்கியபோது அவருடைய அரிசி ஆலையில் கொதிகலன் வெடித்தது. அவர் கொதிகலனைப் பார்ப்பதா தீவைப் பார்ப்பதா என்று தவித்து, கடைசியில் கொதிகலனைப் பார்த்தார். அந்தத் தவறை அவர் அடிக்கடி சொல்லிக்காட்டுவார், ஏதோ செவ்ரின்தான் வெடிக்க வைத்த மாதிரி.

செவ்ரின் அவர் மனைவி. அந்த வீட்டு ரேடியோவில் மிக முக்கியமான பாகமும் அவள்தான். முற்றத்தில் நிற்கும் இரும்புக் குழாய்க் கம்பத்தின் உச்சியில் மூன்று குறுக்குக் கம்பிகள் கொண்ட ஆன்டெனா. எந்த நாட்டோடு பேச வேண்டுமோ அந்தத் திசைக்கு அதைத் திருப்ப வேண்டும். திருப்புவதற்கென்று வாங்கிய மோட்டார் முதல் மழைக்காலத்து இடியிலேயே கருகிப்போயிற்று. வேறு வாங்கும்வரை தற்காலிகமாகச் செவ்ரின் கம்பத்தின் அடியில் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அந்தத் தற்காலிகத்துக்கு முப்பது வயதாகிவிட்டது. ஜப்பான் என்றால் பக்கத்து வீட்டுப் பிந்தோவின் மாட்டுக்கொட்டகை, ஐரோப்பா கிணறு, பிரேசில் மாதா கோவில் மணிக்கூண்டு, ஆஸ்திரேலியா பலாமரம். சாயங்காலம் ஜபமாலை சொல்லும் நேரமும் தூரதேசங்கள் காதில் விழும் நேரமும் ஒன்றாகவே வந்து தொலைத்ததால், அவள் ஒரு கையில் மாலையும் மறுகையில் கம்பமுமாக நின்று, பரலோக மந்திரத்துக்கு நடுவே "கிணத்துக்கா, கொட்டகைக்கா?" என்று கேட்பாள்.

புருஷனை அவள் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவள் மாமியார் மாமனாரை அழைத்த மாதிரியே, "கேட்டீங்களா" என்றுதான். சில வருஷங்களாக அவர் கேட்கவில்லை.

முப்பது வருஷம் நெல் குத்தும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற காது. முதலில் கிணற்றுக் கப்பியின் கிறீச்சு போயிற்று, பிறகு கொசு. கொசு போனதை அவர் நகராட்சியின் சாதனை என்று நினைத்தார். கின்னிகோளிக்கு நகராட்சி கிடையாது என்று செவ்ரின் சொன்னதும் காதில் விழவில்லை. ஹெட்ஃபோன் வைத்தால் வியர்க்கிறது என்று ஜன்னலோரம் ஒரு ஸ்பீக்கரை வைத்தார். அதன் சத்தம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிற்று. ரேடியோவில் மோர்ஸின் குரலைக் கீச்சென்றும் வைக்கலாம், கட்டையாகவும் வைக்கலாம். இளவயதில் கற்றுக்கொண்ட அதே கீச்சுக்குரலில்தான் அவர் வைத்திருந்தார். அந்தக் குமிழைத் தொட்டால் ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இத்தனைக்கும் ஹாம் சங்கத்தில் அவர் போதித்த ஒரே வேதம், கேள் என்பதுதான். "கூப்பிடறதுக்கு முன்னாடி கேளு. கேட்டாச்சா? இன்னொரு தடவை கேளு. அவன் உன் காதுல விழலேன்னா, உனக்கு அவனைக் கூப்பிட உரிமை இல்ல." அரிய தீவுகள் பேசும்போது அலைவரிசையில் ஓரிடத்தில் அனுப்புவார்கள், அதற்குச் சற்று மேலே வேறோர் இடத்தில் கேட்பார்கள். கூட்டம் அந்த மேலிடத்தில்தான் கூப்பிட வேண்டும். இது தெரியாமல் தீவின் மேலேயே விழுந்து கத்துகிறவர்கள் உண்டு. அப்படிக் கத்தாதே என்று அதே இடத்தில் அதைவிடப் பெரிதாகக் கத்தும் சட்டாம்பிள்ளைகளும் உண்டு. பொனிஃபாஸுக்கு இரண்டு சாதியும் ஆகாது. ஒருமுறை தீவு கிடைத்தபிறகு, பதிவாகியிருக்குமோ இல்லையோ என்று அதே பேண்டில், அதாவது அதே அலைவரிசைத் தொகுதியில், மறுபடி கூப்பிடுகிறவர்களை அறவே ஆகாது. குந்தாப்பூர்க்காரர் ஒருவரை ஆண்டுக் கூட்டத்திலேயே எழுப்பி நிறுத்தி, "சாப்பிட்டு முடிச்சவன் கையைத் துடைச்சுட்டு மறுபடி பந்தியில உக்காரற மாதிரி" என்று சொல்லிவிட்டார். குந்தாப்பூர்க்காரர் அதற்கப்புறம் கூட்டத்துக்கே வரவில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான், எழுபது தாண்டிய வயதில், பெங்குவின் தீவுக்கு மறுபடி ஒரு குழு போகிறது என்று செய்தி வந்தது. அடுத்த தடவை என்று ஒன்று வந்தால் அதற்கு அவர் இருப்பாரா என்பதை அவர் கணக்குப் போடவில்லை, போடாமலே தெரிந்தது.

தீவின் திசை குளியலறைப் புகைபோக்கி. செவ்ரின் அதை நோக்கிக் கம்பத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். முதல் சில சாயங்காலங்கள் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள், வானம் சிவந்துகொண்டிருந்தபோது, அந்த இரைச்சலுக்குள் ஒரு ஊசி குத்துவது போல மோர்ஸ் வந்தது. பொனிஃபாஸுக்கு அது கேட்டது, போயிற்று, கேட்டது. கேட்டபோது தீவின் குறி தெளிவாகப் புரிந்தது. ஆகவே கூப்பிட உரிமை வந்துவிட்டது. சற்று மேலே போய்த் தன் குறியை ஒரு தடவை தட்டினார். காத்திருந்தார். தட்டினார். காத்திருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே செவ்ரின் ஜபமாலையின் ஐந்தாவது துக்கத் தேவரகசியத்தில் இருந்தாள். அவளுக்கு மோர்ஸ் தெரியாது; ஆனால் எண்ணும் நன்றியும் எப்படி ஒலிக்கும் என்று பழகியிருந்தது, புருஷனுடைய குறியின் தாளமோ முப்பது வருஷமாகக் காதில் விழுந்து, தேங்காய் துருவும்போது கைகூட அந்த இழுப்பில்தான் போகும். ஸ்பீக்கரில் அந்தத் தாளம் இப்போது உள்ளிருந்து போகவில்லை, வெளியிலிருந்து வந்தது.

"கேட்டீங்களா! கேட்டீங்களா! அவன் உங்களைத்தான் கூப்பிடறான்!"

"எங்கே?"

"எங்கேயா? இதோ, பேரைச் சொல்லி எண்ணும் சொல்லிட்டான்! பதில் சொல்லுங்க, போயிடப் போறான்!"

பொனிஃபாஸுக்குக் கேட்டதெல்லாம் இரைச்சலும் செவ்ரினும்தான். ஆனால் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் அது தானாகவே 'ஆர்' என்ற எழுத்தைத் தட்டி, எண்ணைத் தட்டி, நன்றியும் தட்டிவிட்டது. மோர்ஸில் 'ஆர்' என்றால், நீ சொன்னது முழுவதும் என் காதில் விழுந்தது என்று அர்த்தம்.

"அவனும் நன்றின்னுட்டான்," என்றாள் செவ்ரின். கம்பத்தை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கிடைச்சாச்சு! மாதாவே, கிடைச்சாச்சு! என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"எனக்குக் கேக்கல."

"நான் சொன்னதா?"

"அவன் சொன்னது."

மறுநாள் காலை, சங்கத்தின் செயலாளர் சுதர்சன் ஹெப்பார் முல்கியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பல் டாக்டர். பொனிஃபாஸைவிட முப்பது வயது சின்னவர். மோர்ஸையெல்லாம் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டுத் தான் டீ குடிக்கிற ரகம். அதற்காகப் பொனிஃபாஸ் அவரை மாதம் ஒருமுறை திட்டுவார், அவரும் மாதம் ஒருமுறை வந்து திட்டு வாங்கிக்கொள்வார். தீவுக்காரர்கள் தாங்கள் பேசியவர்களின் பதிவை அன்றன்றைக்கு இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அதில் ரெபெல்லோவின் குறி இருந்தது.

"பல் டாக்டர் சொல்றேன், வாயைத் திறங்க," என்று பன் பொட்டலத்தைப் பிரித்தார் ஹெப்பார். "எல்லா நாடும் முடிச்ச முதல் ஆள் நம்ம சங்கத்துல!"

"முடிக்கல," என்றார் பொனிஃபாஸ்.

நடந்ததைச் சொன்னார். ஹெப்பார் பன்னைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"மாராயரே, உங்க ரேடியோ, உங்க ஆன்டெனா, உங்க கை. செவ்ரின் பாயம்மா கேட்டு உங்களுக்குச் சொன்னாங்க. இதுல என்ன கெட்டுப்போச்சு? என்னோட கம்ப்யூட்டர் கேட்டு எனக்குச் சொல்றதில்லையா?"

"அதைத்தான் நான் மாசாமாசம் திட்டறேன்."

"சரி, அதை விடுங்க. அந்த எண்ணு. அதோட அர்த்தமே 'பிரமாதமாக் கேக்குது'ங்கறதுதானே? மூச்சு வாங்கி முக்கி முனகி உங்க காதுல விழறவனுக்கும் நீங்க அதே எண்ணைத்தான் நாப்பது வருஷமா அனுப்பறீங்க. அது பொய் இல்லையா?"

"அது மரியாதை."

"அப்ப 'ஆர்'?"

"அது சாட்சி."

ஹெப்பார் செவ்ரினைப் பார்த்தார். அவள் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மியில் கொஞ்சம் அதிகமாகவே விசை விழுந்தது.

"அப்ப நான் கேட்டது கேட்டது இல்ல. அப்படித்தானே?"

"நீ கேட்டது நிஜம். நான் கேட்டேன்னு சொன்னதுதான் பொய்."

"முப்பது வருஷம் கம்பத்தைப் பிடிச்சு நின்னப்போ என் கை உங்க கையா இருந்தது. ஒரு நாள் காதைக் குடுத்தா அது மட்டும் அன்னியக் காதாயிடுச்சா?"

பொனிஃபாஸ் மாட்டிக்கொண்டால் எப்போதும் செய்வதைச் செய்தார்: கேட்காத மாதிரி இருந்தார். அவருடைய அந்த வசதியை இப்போது வீட்டில் யாரும் நம்புவதில்லை.

சரி, மறுபடி கூப்பிட்டுத் தன் காதாலேயே வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் தீவின் கணக்கில் அவர் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்தவர். அதே பேண்டில் மறுபடி கூப்பிட்டால், காத்திருக்கும் எத்தனையோ பேரில் ஒருத்தன் வாயிலிருந்து பிடுங்கியதாகும். குந்தாப்பூர்க்காரரின் முகம் அவருக்கு நினைவு வந்தது. உண்மையாக இருக்க வேண்டுமானால் பேராசைக்காரனாக வேண்டும். பேராசை வேண்டாமென்றால் பொய்யனாகவே இருந்துவிட வேண்டும். இப்படியொரு இக்கட்டுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் என்ன அபராதம் கொடுப்பது என்று பங்குச்சாமியாருக்கும் தெரிந்திருக்காது.

ஹெப்பார்தான் வழி சொன்னார். வேறொரு பேண்டில் கூப்பிடலாம். அது தனிக் கணக்கு, பந்தியே வேறு. அதற்கு அந்தக் கம்பத்து ஆன்டெனா உதவாது. நீளமாக ஒரு கம்பி இழுக்க வேண்டும். இரண்டு பேருமாகத் தென்னையிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை கம்பி கட்டினார்கள். அதைத் திருப்ப வேண்டியதில்லை என்பதால் செவ்ரின் அந்தப் பக்கமே வரவில்லை. கட்டி முடித்ததும் ஹெப்பார், கேட்காமலே, ரேடியோவின் குரல் குமிழைப் பிடித்துக் கீழே இறக்கினார். கீச்சுக்குரல் தாழ்ந்து, தவளைக் குரலாகி, எருமைக் குரலாயிற்று.

"என்ன பண்றே?"

"கேளுங்க."

இரைச்சல் இருந்த இடத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரரும் ஒரு கிரேக்கரும் இருந்தார்கள். நேற்றுவரை காலியாகக் கிடந்த இடம். பொனிஃபாஸ் ஹெப்பார் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?"

"என் கிளினிக்ல டிரில் ஓடறப்போ நீங்க தூங்கிட்டீங்களே, அன்னிக்கே தெரியும். பல்லைப் பத்தி மட்டும் கேக்கற ஆளுகிட்ட காதைப் பத்தி எப்படிச் சொல்றது?"

புதிய பேண்டில் தீவு கேட்டது. எருமைக் குரலில், மெலிதாக, ஆனால் தன் காதுக்கே கேட்டது. அன்று சாயங்காலம் முழுவதும் கூப்பிட்டார். தீவு வேறு யார் யாருக்கோ பதில் சொல்லிற்று. மறுநாளும் அப்படியே. கம்பியின் பலம் அவ்வளவுதான். அதற்கடுத்த நாள் ரேடியோவைப் போட்டபோது கூட்டம் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, தீவு இல்லை. புயல் வருகிறதென்று கப்பல் முன்னதாகவே அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டதாக ஹெப்பார் ஃபோனில் சொன்னார்.

பொனிஃபாஸ் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டார். அதுதான் செவ்ரினைப் பயமுறுத்தியது.

"வருத்தமா?"

"அவங்க பத்திரமாத் திரும்பணும். பெங்குவினுக்கு என்ன, அதுங்க வீடு."

கொஞ்ச நேரம் கழித்து, தட்டைக் கழுவ எடுத்தவளின் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நீ என்ன கேட்டே? அப்படியே தட்டிக் காட்டு."

"எதுக்கு? என்மேல இன்னொரு தடவை விசாரணையா?"

"தட்டேன்."

அவள் கரண்டியை எடுத்துத் தட்டின் விளிம்பில் தட்டினாள். முதலில் அவருடைய குறி. பிறகு எண். எண்ணின் கடைசியில் தீவுக்காரர் கொஞ்சம் இழுத்ததும்கூட இருந்தது. அவளுக்கு மோர்ஸ் எழுத்து தெரியாததால், எதையும் திருத்தாமல் அப்படியே வைத்திருந்தாள். பொனிஃபாஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தட்டுச் சத்தம் நன்றாகவே கேட்டது. தீவு அவரைக் கூப்பிட்டிருக்கிறது. தன் பெயரைத் தீவு சொன்ன விதத்தை அவர் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார், கஞ்சித் தட்டில்.

ரேடியோ உலகத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. அனுப்ப உரிமம் இல்லாமல், வெறுமனே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். யார் யாரோடு பேசினார்கள், எப்படிக் கேட்டது என்று அவர்கள் எழுதி அனுப்பினால், நீங்கள் கேட்டது உண்மை என்று அந்த நிலையம் ஒரு கார்டு அனுப்பும். ஹாம்கள் அவர்களைக் கொஞ்சம் தாழ்வாகத்தான் பார்ப்பார்கள், சமைக்கத் தெரியாமல் ருசி மட்டும் பார்க்கிறவர்களை மாதிரி. பொனிஃபாஸ் செவ்ரின் பெயரில் அப்படியொரு அறிக்கை எழுதினார். அதன் அடியில் தன் பெயரில், அந்தத் தொடர்பில் என் பக்கம் கேட்டவர் இவர்தான், ஆகவே என்னை உங்கள் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் சேர்த்தார்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு, தீவுக்குழுவின் ஊரான பின்லாந்திலிருந்து உறை வந்தது. உள்ளே இரண்டு கார்டுகள். இரண்டிலும் பெங்குவின்கள் வரிசையாக நின்றன. ஒன்று திருமதி செவ்ரின் ரெபெல்லோவுக்கு. மற்றொன்று பொனிஃபாஸின் குறிக்கு. கூடவே நாலு வரி: பதிவிலிருந்து யாரையும் எடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. உங்கள் சமிக்ஞை எங்களுக்கு நன்றாகக் கேட்டது. மற்றதை நீங்கள் வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளவும்.

"பாருங்க, அந்த ஊர்க்காரனுக்கே புரியுது," என்றாள் செவ்ரின். "மத்த நாட்டுக் கார்டுகளோட இதையும் அனுப்புங்க. முழுப் பட்டமும் வாங்குங்க. யாரு வந்து கேக்கப்போறா?"

பொனிஃபாஸ் தன் கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன் கொதிகலன் வெடித்த நாளிலிருந்து அவர் பார்க்க ஆசைப்பட்ட காகிதம். அச்சு நன்றாக இருந்தது. யாரும் வந்து கேட்கப்போவதில்லை என்பதும் உண்மைதான்.

"நல்ல கார்டு," என்று சொல்லி, அதை உறைக்குள்ளேயே திரும்பப் போட்டு, செவ்ரின் கையில் கொடுத்தார். "உன்னோடதுக்குத் துணையா இதையும் வெச்சுக்கோ. ஒண்ணு மழையில நனைஞ்சா இன்னொண்ணு இருக்கும்."

அவள் திட்டினாள். கல் மாதிரி மனுஷன் என்றாள். அந்தக் கல்லுக்குத்தான் அன்று சேம்பு இலையில் மாவு தடவிப் பத்ரொடே அவித்து, நடுத்துண்டை எடுத்து வைத்தாள்.

அக்டோபரில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் மங்களூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. குந்தாப்பூர்க்காரர்கூட வந்திருந்தார், பொனிஃபாஸே போய் அழைத்திருந்தார். ஹெப்பார் சாதனைப் பட்டியலை வாசிக்கையில், உரிமை எடுத்துக்கொண்டு, ரெபெல்லோ எல்லா நாடுகளையும் முடித்துவிட்டதாக அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. பொனிஃபாஸும் எழுந்தார்.

"தப்பு. எனக்கு ஒண்ணு குறையுது," என்றார். ஹெப்பார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "எனக்குக் காதும் குறையுது, அதையும் குறிச்சுக்கோங்க. ஆனா எங்க வீட்டுல எல்லா நாடும் இருக்கு. பெங்குவின் தீவு என் மனைவிகிட்ட இருக்கு."

குந்தாப்பூர்க்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டலும் மறுபடி வந்தது. இம்முறை செவ்ரின் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கமாகத் திரும்பி.

சாப்பாட்டில் செவ்ரினைச் சுற்றி மற்ற ஹாம்களின் மனைவிகள் உட்கார்ந்துகொண்டார்கள். மொத்தம் எத்தனை நாடு கேட்டிருக்கிறீர்கள் என்று ஒருத்தி விசாரித்தாள்.

"எனக்கு எதுக்கு எத்தனைங்கற கணக்கு?" என்றாள் செவ்ரின், தாழ்ந்த குரலில்தான். "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அதுவும் அந்தப் பெரிய மனுஷருக்குக் கேக்காததாப் பாத்துக் கேட்டேன்."

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த பொனிஃபாஸுக்கு அது ஓர் எழுத்துத் தவறாமல் காதில் விழுந்தது. அவர் நிமிராமல், ரொம்பக் கவனமாக மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.